வீட்டுக்கு வந்த வெள்ளித்திரை



இந்த வாரம் வீட்டிலிருந்து பார்ப்பதற்குரிய புதிய படங்கள் யாவை என்று பத்திரிகைகள் பட்டியல் இடுவது நெடுநாள் வழக்கம். அப்பட்டியல்களைச் சற்று ஊன்றிப் பார்ப்போர்க்கு ஒரு விந்தை புலனாகும். புதியவை என்று கூறப்படும் படங்களுள் ஒரு பகுதி புதியனவே அல்ல. அறுபது ஆண்டுகளுக்கு முன்னும், சில வேளை நூறு ஆண்டுகளுக்கு முன்னும் எடுக்கப்பட்டவை அவை. எடுத்தவர் மறைந்தார், நடித்தவர் மறைந்தனர், முதலிற் பார்த்தவரும் மறைந்தனர். ஆயினும் படம் மட்டும் மெருகு குன்றாமல் இறுவட்டில் வந்து நம் வீட்டு வாயிலில் நிற்கின்றது. இத்தனை காலம் அது எங்கே இருந்தது? அதனைக் காத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

படம் பார்ப்பதென்றால் படமாளிகைக்குச் சென்றே பார்த்தல் வேண்டும். வீட்டிற் பார்ப்பது நிழலின் நிழலைப் பார்ப்பது போன்றது என்று கருதுவோர் பலர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், வரலாற்றை நோக்கின், படமாளிகை கைவிட்ட செல்வத்தை வீடு காத்துத் தந்த சந்தர்ப்பங்கள் பல உண்டு என்பது தெரியவரும்.

1895ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி, பாரிஸ் நகரத்துக் கிராண்ட் கபே என்னும் விடுதியின் கீழறையிலே லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுச் சலனப்படம் காட்டினர். அன்றிலிருந்து ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் படமாளிகைப் படச்சுருள்களெல்லாம் செலுலோயிட் நைத்திரேற்று என்னும் பொருளாலேயே செய்யப்பட்டன. அது கண்ணாடிபோற் தெளிவானது. ஆனால் வெடிமருந்துக்கு உறவானது. தீப்பற்றினால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிட்டு எரியும். நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. தீப்பற்றாவிடினும் காலப்போக்கில் பிசினாகிப் பொடியாகும். 1897ஆம் ஆண்டு மே மாதம் பாரிசிலே ஓர் அறச்சந்தையிற் படம் காட்டியபோது, கருவியின் விளக்குக்குப் பயன்பட்ட ஈதர் தீப்பற்றி நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சம் மக்கள் மனத்தில் நெடுநாள் நின்றது. இத்தகைய சுருளைக் குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுக்குள் யார் கொண்டுவருவர்?

ஆகவே, வீட்டுக்கெனத் தீப்பற்றாத வேறு சுருள் வேண்டியதாயிற்று. 1912ஆம் ஆண்டளவில் பிரான்சிலே பதே நிறுவனத்தார் 28 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதுகாப்புச் சுருளையும் அதனைக் காட்டும் கருவியையும் வெளியிட்டனர். கைப்பிடியைச் சுழற்றினாற் படம் ஓடும்; அச்சுழற்சியினாலேயே உள்ளிருந்த சிறு மின்பொறி இயங்கி விளக்கும் எரியும். மின்சாரம் எட்டாத நாட்டுப்புற வீட்டுக்கும் படம் செல்ல இஃது உதவிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவிலே எடிசனும் வீட்டுக்கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டார். 1914ஆம் ஆண்டு டிசெம்பரில் அவருடைய தொழிற்சாலையை அழித்த பெருந்தீயோடு அம்முயற்சி முடிந்தது.

உண்மையான மாற்றம் 1922ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் வந்தது. பதே நிறுவனத்தார் ‘பதே பேபி’ என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் சுருள் ஒன்பதரை மில்லிமீற்றர் அகலமே உடையது. பற்களுக்குரிய துளை ஓரத்தில் இல்லாமல், ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் நடுவே இருந்தது. எழுத்தட்டை வரும் இடத்தில் சுருளின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அவ்வெட்டு வந்ததும் கருவி சுருளைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும். பார்ப்பவர் எழுத்தைப் படித்து முடித்ததும் மீண்டும் ஓடும். இதனாற் சுருள் மிச்சமாயிற்று, விலை குறைந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கொடக் நிறுவனத்தார் 16 மில்லிமீற்றர்ச் சுருளை வெளியிட்டனர். நூல்நிலையத்தில் நூலை இரவல் பெறுவது போலப் படங்களை வாடகைக்குப் பெறும் நிலையங்களும் எழுந்தன. இன்று நாம் புதிதென எண்ணும் வழக்கம் நம் பாட்டனார் காலத்ததே என்பதை இதனால் அறியலாம்.

இனி, பெரிய சுருள்களுக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டுக்குப் பின் பேசும் படம் பரவியதும் ஊமைப் படங்களுக்கு மதிப்பற்றுப் போயிற்று. சுருள்களைக் காப்பதற்குச் செலவு. எரித்தாலோ அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம். ஆதலாற் பல எரிக்கப்பட்டன. பல தாமே எரிந்தன. எஞ்சியவை பல பொடியாயின. 2013ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரசு நூலகம் வெளியிட்ட ஆய்வு இவ்வழிவை எண்ணிக் காட்டியது. 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த நெடும்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள் முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை நூற்றுக்கு 14 மட்டுமே. மேலும் நூற்றுக்கு 11 முழுமையாக உள்ளன. ஆனால் அவை அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளாகவோ 28, 16 மில்லிமீற்றர்ச் சிறுசுருள்களாகவோ உள்ளன. நூற்றுக்கு 5 குறையாக உள்ளன. மற்றைய எழுபதும் இல்லை. அந்தப் பதினொன்றை மீண்டுமொரு முறை எண்ணிப் பாருங்கள். தொழிலதிபர் கைவிட்டதைத் தொலைதேசத்துப் படமாளிகையும் வீடும் பள்ளிக்கூடமும் காத்திருக்கின்றன.

நம் மொழியும் இவ்விழப்பிலிருந்து தப்பவில்லை. நடராச முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் நெடும்படம். அது இன்று இல்லை. 1931ஆம் ஆண்டு தமிழ் பேசி வந்த ‘காளிதாஸ்’ படமும் இல்லை. ஒரு சில நிழற்படங்களையும் விளம்பரங்களையும் கொண்டே நாம் அவற்றை ஊகிக்கின்றோம்.

வீட்டுச் சுருள் ஒன்று எத்தகைய பெரும்பணிக்கு வித்தாகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் ‘நெப்போலியன்’ என்னும் பேரூமைப் படத்தை எடுத்து 1927ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதி பாரிஸ் ஒப்பெரா அரங்கிற் காட்டினார். குதிரை முதுகிற் கமராவைக் கட்டினார். ஊஞ்சலிற் கட்டி ஆட்டினார். இறுதிக் காட்சியில் மூன்று திரைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, மூன்று கருவிகளால் ஒரே வேளையிற் படம் காட்டினார். அத்தகைய படத்தை விநியோகித்தவர்கள் தத்தம் வசதிக்கேற்ப வெட்டினர். பின்னாளிற் கான்சுமே தம் படத்தைப் பலமுறை வெட்டியும் ஒட்டியும் மாற்றினார். முதற்படம் பல துண்டுகளாகிப் பல நாடுகளிற் சிதறியது.

1954ஆம் ஆண்டளவில் லண்டனிலே கெவின் பிரவுன்லோ என்னும் பள்ளி மாணவர், வயது பதினைந்து அளவில், வீட்டில் ஒன்பதரை மில்லிமீற்றர்க் கருவி வைத்திருந்தார். பழைய சுருள்களைத் தேடிச் சேர்ப்பது அவர் பொழுதுபோக்கு. ஒருநாள் அவர் கைக்கு ‘நெப்போலியன்’ படத்தின் இரு சிறுசுருள்கள் கிடைத்தன. வீட்டுச் சுவரில் அவற்றை ஓடவிட்டுப் பார்த்தவர் வியந்து போனார். ஊமைப் படம் என்றால் ஓடுவதும் விழுவதுமே என்று எண்ணியிருந்த காலத்தில், இப்படியும் ஒரு படம் இருந்ததா? மற்றைய பகுதிகள் எங்கே? அன்று தொடங்கிய தேடல் ஒரு வாழ்நாளைக் கொண்டது. வீட்டுச் சுருள்களிலிருந்தும், பல நாட்டு ஆவணக் காப்பகங்களிலிருந்தும் துண்டுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, முன்பின் அறிந்து அவர் தொடுத்தார்.

நம்மவர்க்கு இச்செயல் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்து, கறையான் தின்றது போக எஞ்சியவற்றை ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களையும், அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்களையும் நாம் அறிவோம். ஏடு ஒன்றே இருந்தால் அது செல்லுக்கு இரை. பல வீடுகளிற் பல பிரதிகள் இருந்தாலன்றோ ஒன்றில் அழிந்ததை மற்றொன்றிற் காணலாம்! சுவடிக்குப் பொருந்தும் விதி சுருளுக்கும் பொருந்துகின்றது.

1979ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டிலுள்ள ரெலுரைட் என்னும் சிற்றூரில், பிரவுன்லோ தொடுத்த ‘நெப்போலியன்’ திறந்தவெளியிற் காட்டப்பட்டது. அப்போது ஆபெல் கான்சுக்கு வயது எண்பத்தொன்பது. தாம் தங்கியிருந்த விடுதி அறையின் சாளரத்தின் வழியே, குளிர் மிகுந்த இரவிலே, தம் இளமைக்காலப் படைப்பை அம்முதியவர் பார்த்திருந்தார். மறு ஆண்டில் அது லண்டனில் கார்ல் டேவிஸ் அமைத்த இசையோடு அரங்கேறியது. 1981ஆம் ஆண்டு நவம்பரிற் கான்ஸ் காலமானார். ஐந்தரை மணித்தியாலம் ஓடும் அப்படம் 2016ஆம் ஆண்டு நவம்பரிலே இறுவட்டாக வெளிவந்தது. வீட்டுச் சுவரில் ஓடிய சிறுசுருளாய்த் தொடங்கிய கதை, அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டுக்கே திரும்பி வந்தது.

இத்தகைய மீட்சிகள் வேறும் உள. ஜேர்மானிய இயக்குநர் பிரிற்ஸ் லாங் எடுத்த ‘மெற்றோபொலிஸ்’ 1927ஆம் ஆண்டு யனவரியிற் பேர்லினில் வெளியாகிச் சில மாதங்களுள் வெட்டிக் குறுக்கப்பட்டது. வெட்டுண்ட பகுதிகள் என்றென்றைக்கும் தொலைந்தன என்றே எண்பது ஆண்டுகள் உலகம் நம்பியது. ஆனால் வெட்டப்படாத பிரதி ஒன்று ஆர்ஜென்ரீனா நாட்டுக்குச் சென்றிருந்தது. அதனைத் திரைப்பட விமரிசகர் ஒருவர் தம் சொந்தச் சேமிப்பில் வைத்திருந்தார். பின்னர் அது 16 மில்லிமீற்றருக்குச் சுருக்கிப் பிரதி செய்யப்பட்டு, 2008ஆம் ஆண்டு புவெனஸ் அயர்ஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்திற் கண்டெடுக்கப்பட்டது. அந்நகரத்துப் படக்கழகம் ஒன்றில் இப்படம் வழக்கத்துக்கு மாறாக மிக நீண்ட நேரம் ஓடிற்று என்று பழையவர் ஒருவர் கூறிய சொல்லே தேடியவர்க்கு முதற் குறிப்பாயிற்று. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடக் காட்சிகள் மீண்டன. 2010ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பேர்லினிலே அப்படம் மீண்டும் அரங்கேறியது. அவ்வாண்டு முடியுமுன் இறுவட்டாகவும் வந்தது. அந்தப் பகுதிகள் வரும்போது திரையெங்கும் மழைபோற் கீறல்கள் விழும். குறையென்று அவற்றை இகழ வேண்டா. அவை அப்படம் உயிர் பிழைத்து வந்த பாதையின் தழும்புகள்.

டென்மார்க் நாட்டவரான கார்ல் டிரையர் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஜோன் ஒவ் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் படத்தின் மூலச்சுருள் அதே ஆண்டிற் பேர்லினில் எரிந்தது. எடுத்து ஒதுக்கியிருந்த மாற்றுக் காட்சிகளைக் கொண்டு அவர் இரண்டாம் படம் தொகுத்தார்; அதுவும் மறு ஆண்டில் எரிந்தது. தம் படம் அழிந்ததென்ற எண்ணத்தோடே 1968ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1981ஆம் ஆண்டில், நோர்வே நாட்டிலே ஒஸ்லோவுக்கு அருகேயுள்ள மனநோய் மருத்துவமனையின் அலுமாரி ஒன்றிலிருந்து அவருடைய முதற் படத்தின் முழுப்பிரதி கிடைத்தது.

சுருளின் கதை இவ்வாறிருக்க, 1956ஆம் ஆண்டு ஏப்பிரலிலே அமெரிக்க அம்பெக்ஸ் நிறுவனத்தார் காட்சியையும் ஒலியையும் காந்த நாடாவிற் பதியும் கருவியைச் சிக்காகோவிற் காட்டினர். விலை ஏறத்தாழ 50,000 டொலர். தொலைக்காட்சி நிலையங்களே அதனை வாங்க முடிந்தது. 1972ஆம் ஆண்டில் ‘கார்ட்ரிவிஷன்’ என்ற வீட்டுக்கருவி வந்தது. அதற்கு வாடகைக்குக் கொடுக்கப்பட்ட சிவப்பு நாடாப் பெட்டிகளை வீட்டிற் பின்னோக்கிச் சுற்ற இயலாது. ஒருமுறை பார்த்தபின் கடையிலேயே சுற்றிப் பெற வேண்டும். பார்ப்பவரை நம்பாத அக்கருவியை மக்களும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அது மறைந்தது.

1975ஆம் ஆண்டு யப்பானியச் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் கருவியையும், 1976ஆம் ஆண்டு ஜேவிசி நிறுவனம் வீஎச்எஸ் கருவியையும் வெளியிட்டன. முன்னதன் நாடா முதலில் ஒரு மணித்தியாலமே ஓடிற்று. பின்னது இரண்டு மணித்தியாலம் ஓடியது. ஒரு முழுப்படம் ஒரே நாடாவில் அடங்கியமை வீஎச்எஸ்ஸின் வெற்றிக்கு ஒரு காரணமாயிற்று. 1977ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வணிகர் அன்ட்ரே பிளே, ரூவென்ரியெத் செஞ்சுரி பொக்ஸ் நிறுவனத்தாரிடம் ஐம்பது படங்களின் உரிமை பெற்று நாடாவாக விற்றார். அவ்வாண்டு முடிவில் லொஸ் ஏஞ்சல்சிலே ஜோர்ஜ் அட்கின்சன் அந்நாடாக்களை வாங்கி வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவர் பிறர்க்குக் கொடுக்கலாம் என்னும் சட்டநெறி அவருக்குத் துணைநின்றது.

இதற்கிடையே 1976ஆம் ஆண்டு யூனிவேர்சல், டிஸ்னி நிறுவனங்கள் சோனிமீது வழக்குத் தொடுத்தன. தொலைக்காட்சியிற் காட்டும் படத்தை ஒருவர் தம் வீட்டில் நாடாவிற் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமா என்பதே வழக்கு. எட்டாண்டு நடந்த அவ்வழக்கில், 1984ஆம் ஆண்டு யனவரி 17ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஒருவர் மாறியிருந்தால் வீட்டு நாடாவின் வரலாறே மாறியிருக்கும். இதில் வேடிக்கை யாதெனின், எந்தக் கருவியைத் தம் தொழிலுக்கு எமனென்று படநிறுவனத்தார் எண்ணினரோ, அக்கருவியாலேயே சில ஆண்டுகளுள் படமாளிகை வருவாயினும் மிகுந்த வருவாய் அவர்களுக்குக் கிடைத்தது.

இலங்கையில் 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாகினி தொடங்கியது. அவ்வெண்பதுகளிலே தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, அயலட்டை அனைத்தும் கூடி, விடியும்வரை மூன்று நான்கு படங்கள் பார்த்த இரவுகள் வடபகுதிக் கிராமத்தார் பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லாத நாளில் மின்பிறப்பாக்கி முழங்கிற்று. அதன் ஓசைக்கு மேலாக வசனம் கேட்கக் காது கூர்ந்திருந்தோம். அதே காலத்தில் நிகழ்ந்த ஒரு கொடுமையையும் சொல்லாமல் விடலாகாது. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலே, கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த, கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழருடைய உடைமையென்று மூட்டிய தீயில் எரிந்தவற்றுள் சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் இருந்தன. பகைத்தீ தன் பொருள், பிறன் பொருள் என்று பாராது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாடாவின் பின் இறுவட்டு வந்தது. 1984ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கிறைற்றீரியன் நிறுவனம் ‘சிற்றிசன் கேன்’, ‘கிங் கொங்’ ஆகிய பழம்படங்களைப் பெரிய ஒளித்தட்டில் வெளியிட்டபோது, நல்ல பிரதியைத் தேடிப் பதித்ததோடு அறிஞரின் விளக்கவுரையையும் சேர்த்தது. மூலத்தோடு உரையும் சேர்ந்து வருவதன் அருமை தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டு முடிவில் யப்பானிலும், 1997இல் அமெரிக்காவிலும் டீவீடி வந்தது. 2006இல் புளூரே வந்தது. வெளியிடுவதற்குத் தரமான பிரதி வேண்டியிருந்தமையால், பழம்படங்களைப் பழுதுபார்க்கும் பணிக்குப் பணமும் ஊக்கமும் பிறந்தன.

அப்பணியின் அருமைக்குச் சத்தியஜித் ராயின் அப்பு முப்படங்கள் சான்று. 1993ஆம் ஆண்டு லண்டனில் ஒரு படச்சாலையில் நேர்ந்த தீயில் ‘பதேர் பாஞ்சாலி’ முதலியவற்றின் மூலச்சுருள்கள் கருகின. பயனில்லை என்று எறியாமல், அமெரிக்கத் திரைப்படக் கழகக் காப்பகத்தார் அவற்றைப் பேணி வைத்தனர். இருபது ஆண்டுகளின் பின் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்து வல்லுநர்கள், உலர்ந்து சுருண்ட அச்சுருள்களை ஈரமூட்டி நெகிழ்வித்து, ஒட்டியிருந்த மெழுகையும் பசையையும் அகற்றி, ஒடிந்த துளைகளைக் கையாலே திருத்தினர். ஏறத்தாழ ஆயிரம் மணித்தியாலக் கைவேலை அது. ‘பதேர் பாஞ்சாலி’யில் நூற்றுக்கு நாற்பது பங்கும், ‘அபராஜிதோ’வில் அறுபதுக்கு மேற்பட்ட பங்கும் எரிந்த மூலத்திலிருந்தே மீட்கப்பட்டன. எஞ்சியவற்றுக்கும் மூன்றாம் படத்துக்கும் வேறிடங்களிற் கிடைத்த பிரதிகள் உதவின. 2015ஆம் ஆண்டில் அவை படமாளிகையிலும், பின் இறுவட்டிலும் வெளிவந்தன. நம் நாட்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘நிதானய’வும் 2013ஆம் ஆண்டில் இவ்வாறே மீட்கப்பட்ட படங்களுள் ஒன்று.

நேயர்களே, இனி நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நாடாக்கருவி செய்த கடைசி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அத்தொழிலை நிறுத்தியது. தபால் வழி இறுவட்டு அனுப்பி வளர்ந்த நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அப்பணியை முடித்துக்கொண்டது. இன்று படம் இணைய வழியே வீட்டுக்கு ஓடி வருகின்றது. வந்த வழியே போயும் விடுகின்றது. உரிமை ஒப்பந்தம் முடிந்தால், நேற்றுக் கண்ட படம் இன்று இல்லை. வசதி பெருகியது உண்மை. உலகப் படங்கள் ஏழை வீட்டையும் எட்டுவது பெருநன்மையே. ஆனால் வீட்டில் ஒரு பிரதி எஞ்சுவதில்லை. பதினைந்து வயது மாணவர் ஒருவர் கையில் ஒரு துண்டுச் சுருள் கிடைக்கும் வாய்ப்பு இனி எங்கே? காப்பது முழுவதும் காப்பகத்தாருக்கும் நிறுவனத்தாருக்கும் விடப்பட்டுவிட்டது. அவர்கள் தவறினால் துணைநிற்க ஆயிரம் அலுமாரிகள் இல்லை.

ஆதலால், இந்த வாரம் வீட்டிலிருந்து பார்க்கத்தக்கவை யாவை என்று என்னைக் கேட்பின், மேலே கூறிய நான்கையுமே சொல்வேன்: ‘நெப்போலியன்’, ‘மெற்றோபொலிஸ்’, ‘ஜோன் ஒவ் ஆர்க்கின் பாடுகள்’, ‘பதேர் பாஞ்சாலி’. அவற்றைப் பார்த்து முடித்தபின், உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். மங்கல நிகழ்ச்சியிற் பிடித்த நாடாவோ, தந்தையார் வைத்துப்போன சிறுசுருளோ, உறையிழந்த இறுவட்டோ அங்கே கிடக்கலாம். ஈரம் படாமல், வெயில் படாமல் அதனை எடுத்து வையுங்கள். இயலுமாயின் பிரதி செய்து பிறிதொரு வீட்டிலும் வையுங்கள். அதனுள் இருப்பது யாதென்று இன்று நமக்குத் தெரியாது. நாளை அதைத் தேடி ஒருவர் வரக்கூடும்.